மருதையனை ஆவலோடு எதிர்பார்த்த ஆபீசர்

இனி எதற்கும் பயப்படுவதில்லை என்று மருதையன் முடிவெடுத்த அன்றைக்கே தபால் வந்து சேர்ந்தது. மேலே சர்க்கார் முத்திரை. உள்ளே இங்கிலீஷ். அவன் அதைப் பாம்பைப் போலத் தூரப் பிடித்து மனைவி செவ்வந்தியிடம் நீட்டினான்.

பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. மிராசுதார் ரெங்கசாமியின் ஆறு மா நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறான். கையில் துண்டுச் சீட்டு கிடையாது. குத்தகைக்காரன் பேரைப் பதியச் சட்டம் வந்ததுமே மிராசு சொல்லிவிட்டார்: "மனு போட்டவனுக்கு மறுநாள் வயல் இல்லை." மருதையன் மனு போடவில்லை. பேர் பதியும் ஆபீஸ் இருக்கும் தெருவிலேயே நடப்பதில்லை.

எட்டாவது படித்த செவ்வந்தி, குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கடிதத்தைப் படித்தாள்.

"குத்தகை பதியிற ஆபீசருங்க. 'லுக் ஃபார்வர்டு டு'ன்னு போட்டிருக்காரு."

"அப்படின்னா?"

"வரப்போறதை நெனச்சு ஆசையா காத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இங்க வர்றாராம், உங்களைப் பார்க்க ஆவலோட எதிர்பார்க்கிறாராம்."

"ஆபீசரா? என்னையா? என்னைப் பெத்தவகூட அப்படி எதிர்பார்த்ததில்லையே, புள்ள!"

"மரியாதைக்கு எழுதுறதுங்க."

"ஆட்டுக்கு மாலை போடுறதும் மரியாதைதான்!"

வியாழன் முழுக்கச் சோறு இறங்கவில்லை. சைக்கிள் மணி கேட்டால்கூடத் தூணுக்குப் பின்னால் போனான்.

"நெல்லுக் குதிருக்குள்ள ஒளிஞ்சுக்கவா?"

"தும்முவீங்க."

"காலையில கோடியக்கரை பஸ் ஏறிடவா?"

"மாட்டுக்கு யாரு வைக்கோல் போடுறது?" செவ்வந்தி யோசித்தாள். "ஆபீசருங்க சேத்துல எறங்க மாட்டாங்க. நம்ம வயல்ல ஏரைப் பூட்டுங்க. ஒடம்பெல்லாம் சேத்தைப் பூசிக்கிட்டா மாடு எது, மனுசன் எதுன்னு யாருக்குத் தெரியும்?"

இவளுக்கு இவ்வளவு மூளையா என்று மருதையன் உருகிப்போனான்.

வெள்ளிக்கிழமை. மணி பத்து. ஜீப் சத்தம். மருதையன் காளையின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டான். வரப்பில் ஆபீசர் வந்தார். முன்னால் வழிகாட்டிக்கொண்டு செவ்வந்தி!

"அதோ, சேத்துல நிக்கிறாரே, அவருதாங்க. எட்டு வருசமா அவருதான் உழுவுறாரு."

பக்கத்து வயல் இளையபெருமாளும் சைத்தூன் பீவியும் "ஆமாங்க" என்றார்கள்.

"மிராசுதார் சொந்தப் பண்ணைன்னு எழுதிக் குடுத்திருக்காரு. நேர்ல வந்து பார்த்தாத்தானே தெரியுது." ஆபீசர் பதிவேட்டில் எழுதினார். "பேர் ஏறிடுச்சு, மருதையன். இனி உங்களை யாரும் எறக்க முடியாது."

"மனு... நான் போடலைங்களே!"

"என்னங்க இது? 'உங்கள் வருகையை லுக் ஃபார்வர்டு டு'ன்னு அழகா முடிச்சிருந்தீங்களே! அதைத்தான் நானும் திருப்பி எழுதினேன்." ஆபீசர் மனுவைக் காட்டினார். அடியில் அவன் கையெழுத்து.

ஜீப் போனதும் மருதையன் வரப்பில் ஏறினான்.

"நான் எப்படி கையெழுத்து போட்டேன்?"

"ரேஷன் கார்டுக்குன்னு நீட்டினேனே."

"இங்கிலீஷ் எதுக்கு?"

"மனுவெல்லாம் ஊர்க் கணக்குப்பிள்ளை கை வழியாத்தானே போவுது. தமிழ்ல எழுதினா படிச்சு மிராசுகிட்ட ஓதிடுவாரு."

"என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா இன்னிக்கு வயல்ல நின்னிருப்பீங்களா?"

மருதையன் யோசித்துப் பார்த்தான். கோடியக்கரை பஸ் ஒன்பதரைக்கு.