முழங்காலுக்கு மேலே

ஜொகூரின் உலு திராமில் ஒரு குன்றை வெட்டி வீடு கட்டுகிறவர்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறதோ, அத்தனையையும் அந்த நிறுவனம் செய்திருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட வேண்டும். வெட்டிய சரிவிலிருந்து மண் வழியாமல் இருக்கக் கறுப்புத் துணியில் வேலி போட்டார்கள். மழைத்தண்ணீர் வந்து தங்கி, மண்ணை அடியில் விட்டுவிட்டு, தெளிந்த பிறகு வெளியேறுவதற்காக வண்டல் குளம் ஒன்றும் வெட்டினார்கள். கரையில் புல் பதித்து, உட்கார்ந்து ரசிக்க ஒரு பெஞ்சும் போட்டார்கள். குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். மழை பெய்தால் குன்றின் செம்மண் மொத்தமும் வாசுகியின் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

வாசுகியின் வீடு குன்றின் அடியில், தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில் இருந்தது. மழை நின்றதும் அவள் மண்வெட்டியோடு இறங்குவாள். பக்கத்து வீட்டுக் கஸ்தூரியும் துடைப்பத்தோடு இறங்குவாள். அவர்கள் திட்டிய திட்டில் குன்றே கரைந்திருக்கும். அது ஏற்கெனவே கரைந்துகொண்டுதான் இருந்தது. வாசுகியின் கணவர் அர்ச்சுனன் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறவர். "என்ன சேறு? நான் பாக்கலையே" என்பார். அந்த நிறுவனத்துக்கு இவரைவிட நல்ல சாட்சி கிடைத்திருக்காது.

இப்போது விஷயம் முற்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மகள் லோஷினிக்கு நிச்சயதார்த்தம். மாசாயிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் தட்டு ஏந்தி வருகிறார்கள். பட்டும் பூவுமாக வருகிறவர்களைச் சேற்றில் இறக்கினால், நல்ல சம்பந்தம் வாசலோடு திரும்பிப் போய்விடாதா? வாசுகி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குன்றேறினாள்.

மேலே நிறுவனத்தின் சுற்றுச்சூழல் அதிகாரி சுகுமாறன் இருந்தான். பச்சைத் தொப்பி, பச்சைச் சட்டை, கையில் மூங்கில் உறிஞ்சுகுழல் போட்ட தேத்தண்ணீர். இயற்கையைக் காப்பதற்கு அவன் தன் உடம்பில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"தம்பி, இவ்ளோ பெரிய குளம் வெட்டி வச்சிருக்கீங்க. தண்ணி ஏன் என் வீட்டுக்கு வருது?"

"ஆன்ட்டி, குளத்தை நல்லா பாத்தீங்களா? எப்படி இருக்கு?"

பார்த்தாள். அடித்தரை தெரிந்தது. சிவப்பும் வெள்ளையுமாக மீன்கள் நீந்தின.

"அழகாத்தான் இருக்கு. சேத்தைக் காணோமே?"

"எப்படி ஆன்ட்டி இருக்கும்? சேத்துத் தண்ணிய உள்ள விட்டா குளம் கலங்கிடும்லா. இந்தத் தண்ணியத்தான் டெஸ்ட்டுக்கு எடுக்கிறாங்க. கலங்கலா இருந்தா வேலைய நிறுத்திடுவாங்க. அதனால தனியா வாய்க்கா வெட்டி, சேத்தை அந்தப் பக்கமா திருப்பி விட்டோம்."

"எந்தப் பக்கம்?"

சுகுமாறன் கையை நீட்டினான். அந்த விரல் நேராக வாசுகியின் வீட்டுக் கூரையைக் காட்டியது.

"சேத்தைப் பிடிக்கத்தானே தம்பி குளம்?"

"ஆமா ஆன்ட்டி. ஆனா பிடிச்சா ஃபெயில் ஆயிடும்."

வாசுகி விடவில்லை. "நாங்க புகார் கொடுத்தோமே, அது என்னாச்சு?"

"வந்துச்சு. உங்க வாசல்லயே படம் எடுத்து அனுப்பினோம். சுற்றுச்சூழல் இலாகா குணாளன் சார் பாத்துட்டு, சேறு இல்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு." கைப்பேசியில் படத்தைக் காட்டினான். அவள் வீட்டு வாசலில் பச்சைத் தொப்பிக்காரர்கள் வரிசையாக நின்று சிரித்தார்கள். எல்லோரும் முழங்காலோடு முடிந்துபோயிருந்தார்கள்.

"கால் எங்க தம்பி?"

"புது விதிமுறை ஆன்ட்டி. படம் முழங்காலுக்கு மேலதான் இருக்கணும். அழுக்குப் பூட்ஸ் தெரிஞ்சா இலாகாவோட கண்ணியத்துக்குக் குறைவாம். குணாளன் சாரே எழுதினது."

"எந்தக் குணாளன்? மாசாய்ல இருக்கிறவரா?"

"அவரேதான்! இந்த வருஷம் பசுமை விருது அவருக்குத்தான்னு பேச்சு."

வாசுகி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை தீபனின் அப்பா பெரிய ஆபிசர் என்று தரகர் சொன்னது இதைத்தானா?

வீட்டுக்கு வந்து கஸ்தூரியிடம் சொன்னதும் அவள் துள்ளிக் குதித்தாள். "அக்கா, நமக்கு நல்ல காலம்! படத்துல பாத்தவரு நேர்ல பாக்கட்டும். அவரு கால்ல ஒட்டினாத்தான் கையெழுத்து மாறும். ஞாயித்துக்கிழமை மழை மட்டும் பெய்யணும்!"

பெற்ற மகளின் நிச்சயத்தன்று மழை கொட்ட வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்ட தாய், ஜொகூர் மாநிலத்திலேயே வாசுகி ஒருத்தியாகத்தான் இருப்பாள். பிள்ளையாரும் கஞ்சத்தனம் காட்டவில்லை. ஞாயிறு காலை பிடித்த மழை விடவே இல்லை.

கார் வந்து நின்றது. பட்டு போன்ற பாத்தேக் சட்டையும் பளபளக்கும் கறுப்புச் சப்பாத்துமாகக் குணாளன் இறங்கினார். வலது கால் கணுக்கால்வரை புதைந்தது. இடது காலும் அதன் துணைக்குப் போனது. கஸ்தூரி மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசுகியின் கையைக் கிள்ளினாள்.

குணாளன் தன் காலைப் பார்த்தார். குன்றைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "வாசலை ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்க சம்பந்திம்மா" என்றார்.

பின்னால் வந்தவர்களுக்கு அது போதும். பெரிய ஆபிசரே பார்க்காத சேற்றை மற்றவர்கள் பார்ப்பது மரியாதையா? தட்டு ஏந்திய பெண்கள் ஒவ்வொரு காலாகப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து, சிரித்த முகம் மாறாமல் வந்தார்கள். வழுக்கி உட்கார்ந்த ஓர் அத்தை, "புடவை தடுக்கிருச்சு" என்று எழுந்தாள்.

வாசுகி ஓரடி முன்னால் வந்தாள். "ஐயா, இந்தச் சேறு..." என்று ஆரம்பித்தாள்.

"எந்தச் சேறு?" என்றார் குணாளன் மெதுவாக.

எல்லோரும் நின்றார்கள். தட்டுகளும் நின்றன. கதவோரத்தில் பட்டுப்புடவையோடு நின்ற லோஷினி, அம்மாவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம் என்று. தீபன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்லீங்க. உள்ள வாங்க" என்றாள் வாசுகி. சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்தது. மகளைக் கொடுக்கிற தாய்க்கு வருவதுதானே என்று எல்லோரும் நெகிழ்ந்தார்கள்.

எல்லோரும் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். தட்டு மாற்றினார்கள், மோதிரம் போட்டார்கள், வடை பாயசத்தோடு சாப்பிட்டார்கள். வெளியே வந்தால் வாசலில் ஒரு சப்பாத்துகூட இல்லை. எல்லாம் லொங்காங் வடிகாலில் இறங்கி, ஆற்றைத் தேடிப் போயிருந்தன.

குணாளன் வெறுங்காலோடு யோசித்தார். சப்பாத்து எங்கே என்று கேட்டால், எதில் போனது என்ற கேள்வி வரும். எதில் போனது என்றால் கையெழுத்து போகும், விருதும் போகும்.

"நான் சப்பாத்து போட்டுட்டா வந்தேன்?" என்று கேட்டார்.

"இல்லைங்க சார்" என்றாள் கஸ்தூரி. அவளுக்கும் கல்யாண வயதில் ஒரு மகள் இருந்தாள். "கோயிலுக்கு வர்ற மாதிரி வெறுங்காலோட வந்தீங்க."

"ஆமா, நாங்க பாத்தோம்" என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். சிங்கப்பூர் அர்ச்சுனனும் பார்த்தேன் என்றார். கிளம்பும் முன் வாசலில் எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். "முழங்காலுக்கு மேல எடு" என்றார் குணாளன், பழக்கதோஷத்தில்.

பசுமை விருது அவருக்கே கிடைத்தது. வட்டாரக் குடியிருப்பாளர்களின் மனநிறைவுக்குச் சான்றாக அந்தப் படத்தைத்தான் இணைத்திருந்தார்களாம். பெரிதாக்கிச் சட்டம் போட்ட ஒரு பிரதியைச் சுகுமாறன் கொண்டுவந்து கொடுத்தான். வாசுகி அதைக் கூடத்தில் மாட்டினாள்.

அடுத்த மழைக்குச் சேறு கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. கஸ்தூரி ஒரு காகிதத்தை நீட்டிக்கொண்டு வந்தாள். "அக்கா, இன்னொரு புகார் எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடுங்க."

"எந்தச் சேறு?" என்றாள் வாசுகி. கல்யாணம் இன்னும் ஆகவில்லையே.

கஸ்தூரி சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். அவளும் அதில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, நம்ம ஒருத்தருக்கும் கால் இல்ல? பேய்க்குத்தானே கால் இருக்காதுன்னு சொல்வாங்க?"

வாசுகி திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தாள். கால் தெரியவில்லை.