கண்ணாடிக்காரரின் காது

"நேத்து வரைக்கும் பக்கத்துல நின்னு பாடின மாதிரி கேட்ட பாட்டு, இன்னைக்கு அடுத்த தெருவுலேர்ந்து கேக்குது. தூசி தட்டறேன்னு நீ ஸ்பீக்கர்ல என்னத்தையோ கெடுத்துட்டே."

என் வீட்டுக்காரர் சொன்னது அப்படியே; நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. காலையில் ஒருமுறை, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் ஒருமுறை, நான் வாயில் பிரஷ்ஷோடு பதில் சொல்ல முடியாமல் நின்றபோது ஒருமுறை. தட்டினால் சத்தம் குறையும் என்றால் முதலில் இவரைத்தான் தட்டியிருப்பேன்.

இவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "ஒண்ணா, ரெண்டா? எது தெளிவு?" என்று கேட்பதுதான் பிழைப்பு.

மறுநாள் சண்டை திடீரென்று நின்றுவிட்டது. அதுதான் எனக்கு உறுத்தியது. குளியலறைக் கதவிடுக்கில் பார்த்தால், கைக்கடிகாரத்தை ஒரு காதில் வைக்கிறார், எடுத்து மறு காதில் வைக்கிறார். இவருடைய அண்ணனுக்கு இதே வயதில்தான் காது போனது. இப்போது எதைக் கேட்டாலும் சிரித்துத் தலையாட்டுகிறார், பாவம். காது டாக்டரிடம் போகலாமா என்றேன். ஸ்பீக்கர் ரிப்பேருக்கு எதற்கு டாக்டர் என்றார். குரலில் வழக்கமான காரம் இல்லை. அண்ணன் கதைதான் இவருக்குமோ?

அவர் கடைக்குப் போனதும் கம்ப்யூட்டரைத் திறந்தேன். பாட்டுப் போடும் பிளேயரின் செட்டிங்ஸில் மகானுபாவர் கை வைத்திருந்தார். பாட்டு பதிவானது விநாடிக்கு நாற்பத்து நாலாயிரத்துச் சொச்சம் சாம்பிள்; அதாவது ஒலியை அவ்வளவு துண்டாக அளந்து வைத்திருக்கிறார்கள். இவர் அதை ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரமாக ஏற்றி, 'மிக உயர்ந்த தரம்' என்பதையும் டிக் செய்திருந்தார். நம்பர் பெரிதாக இருந்தால் சரக்கு உசத்தி. அவ்வளவுதான் இவர் விஞ்ஞானம்.

கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷில் இருந்ததை யார் படிப்பது? கேள்வியை முழுசாகப் படிக்காமல் பேனாவைத் தொட்டால் விரலில் ஸ்கேலால் போடும் கான்வென்ட் சிஸ்டர்களிடம் படித்தவள் நான். படித்தேன். பழைய துண்டுகளுக்கு நடுவே புதுத் துண்டுகளைக் கணக்குப் போட்டு நிரப்பும்போது, சில இடங்களில் ஒலி பழைய உச்சியையும் தாண்டி எகிறுமாம். அது கரகரக்காமல் இருக்க, உயர்ந்த தரத்தில் மொத்தச் சத்தத்தையும் முன்கூட்டியே கொஞ்சம் இறக்கிவிடுமாம். பால் பொங்கி வழியாமலிருக்கப் பாத்திரத்தில் குறைத்து ஊற்றுகிறோமே, அந்தச் சூட்சுமம்தான். சாதாரணத் தரத்தில் அந்த இறக்கம் கிடையாது.

எனக்குப் பாதி உயிர் வந்தது. மீதி உயிருக்கு ஒரு சோதனை பாக்கி இருந்தது.

மாலையில் அவரைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தேன். அப்புறம் என்மேல் பழி வரக் கூடாதென்று, ஸ்பீக்கரில் சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழை அவர் கையிலேயே பிடித்துக்கொள்ளச் சொன்னேன். ஒரே பாட்டைச் சாதாரணத் தரத்தில் ஒருமுறை, உயர்ந்த தரத்தில் ஒருமுறை, எது எதுவென்று சொல்லாமல் போட்டேன்.

"ஒண்ணா, ரெண்டா? எது தெளிவு?"

"என் பொழைப்பை எங்கிட்டயேவா?"

"சீக்கிரம் சொல்லுங்க, அடுத்த ஆள் காத்திருக்காங்க."

"ரெண்டு."

வரிசையை மாற்றிப் போட்டேன். "இப்போ?"

"ஒண்ணு. சந்தேகமே இல்லை. இதுதான் நான் வெச்ச உசத்தி தரம். மத்தது, கைரேகை பட்ட கண்ணாடி வழியா பாக்கற மாதிரி."

எப்படிக் கலைத்துப் போட்டாலும் மனுஷன் தவறவில்லை. கடைசியில் திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் உசத்தி என்று அடித்துச் சொன்னது அத்தனையும் சாதாரணம்.

"அப்ப சத்தம் குறைஞ்சது..."

"நீங்க ஏத்தின நம்பரால. அடுத்த தெருவாம்! இந்தத் துளி வித்தியாசம் எனக்கே சரியா பிடிபடலை, உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் பிடிபட்டுது. பாம்புக் காதுங்க உங்களுக்கு."

அவர் குமிழை விட்டுவிட்டுக் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முகத்தில் ரெண்டு நாளாகக் காணாமல் போயிருந்த களை திரும்பியது. "தூசி தட்டினதுக்கு உன்னை..." என்று இழுத்தார். இழுத்ததோடு சரி. இந்த வீட்டில் பாதி மன்னிப்பே பெரிய வரவு.

கல்யாணமான நாளிலிருந்து "காதுல விழலையே" என்று சொல்லியே தப்பித்தவர், காது நன்றாக இருக்கிறதென்று இன்று தன் வாயாலேயே சர்டிஃபிகேட் கொடுத்துவிட்டார். இனி எங்கே ஓடுவார்? மனசு பஞ்சாக லேசாகிவிட்டது. சமையலறைக்குள் போய், குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல் சொன்னேன்.

"ஏங்க, தூறல் போடுது. மாடியில காயற துணியை எடுத்துட்டு வாங்க."

முன்னறையில் பாட்டுச் சத்தம் ஒரு சுற்று ஏறியது.

"ஏங்க. உங்களைத்தான்."