காலண்டரும் தொண்ணூறாவது நாளும்

சாவு விழுந்த துட்டி வீட்டுக்குள்ள நொழஞ்சதும், "எந்தத் தேதி, எத்தன மணிக்கு?"ன்னு கேட்டு மனசுல குறிச்சுக்கிட்டு, அதுக்கப்புறமா உக்காந்து அழுகுற ஒரே மனுசன் இந்தத் திண்டுக்கல் ஜில்லாவுலயே எங்க காலண்டரு மட்டுந்தான்.

அவரு நெச பேரு எனக்குத் தெரியாது. அவரு ஆதார் கார்ட நானே பத்துப் பதினஞ்சு தடவ ஜெராக்ஸ் போட்டிருக்கேன். போட்டோவப் பாத்துச் சிரிச்சிருக்கேனே தவிர பேரப் படிச்சது கெடையாது. நாகல் நகர்ல என் ஜெராக்ஸ் கடை. பக்கத்துல ஒரு கவர்மெண்ட் ஆபீசு. ஏதோ ஒரு டிபார்ட்மெண்டுல தபால் செக்‌ஷன் கிளார்க்கா இருந்து ரிட்டயர்டு ஆனவரு, காலையில கடை ஷட்டரத் தூக்கும்போதே ஒரு காலச் சாச்சுச் சாச்சு வந்து பெஞ்சுல உக்காந்துருவாரு. சுவத்துல தொங்குற டெய்லி காலண்டருத் தாள அவருதான் கிழிக்கணும். நான் கைய வச்சா, பொண்டாட்டியக் கைப்பிடிச்சு இழுத்த மாதிரி பாப்பாரு.

ஆபீசுல அநியாயம் நடந்துச்சுன்னு ஜெராக்ஸ் எடுக்க வர்ற சனம் நெறைய. ஒருத்தருக்கு ஜூனியரத் தூக்கி மேல வச்சிருப்பாங்க. மாசமா இருக்குற புள்ளையப் பழனி தாண்டி டிரான்ஸ்பருல தூக்கிப் போட்டிருப்பாங்க. கடையில நின்னு கண்ணக் கசக்குவாங்க. நம்மளா இருந்தா ஒரு டீ வாங்கிக் குடுப்போம். காலண்டரு ஆறுதல்லாம் சொல்ல மாட்டாரு.

"ஆர்டரு கையில வாங்குன தேதி என்ன?"

"விடுங்க சார், கடவுளு பாத்துக்குவாரு."

"பாக்கட்டும். ஆனா தொண்ணூறு நாளுக்குள்ள பாக்கணும்."

அவரு பழகுன டிபார்ட்மெண்டுலயும் சரி, இந்த ஆபீசுலயும் சரி, பாரபட்சம் காட்டுறாங்கன்னு மனுக் குடுக்கணும்னா தொண்ணூறு நாளுதான் கெடு. அதத் தாண்டுனா, நெத்தியில ரத்தம் ஒழுகப் போயி நின்னாலும் எடுக்க மாட்டாங்களாம். அதனால கிழிச்ச காலண்டருத் தாளு பின்னாடி, ஆளு பேரையும் மிச்சம் இருக்குற நாளையும் எழுதி, தெனம் காலையில ஆபீசு கேட்டுல நின்னு அவங்கவங்க கையில குடுப்பாரு. எரியோட்டுக்காரரு ஒரு டிரைவரு இந்தத் தாளுக்குப் பயந்தே லீவு போட்டுட்டாரு. காலண்டரு விடல. பஸ் ஏறி எரியோட்டுக்கே போயி, கதவு இடுக்குல தாளச் சொருகிட்டு வந்துட்டாரு. டிரைவரு சம்சாரம் எடுத்துப் பாத்தா, புருசன் பேரு, கீழ அறுபத்தாறு. யாரோ செய்வினை வச்சுட்டாங்கன்னு வீட்டச் சுத்தி எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்டுச்சு அந்தம்மா.

நானும் சும்மா இருப்பனா? ஒரு நாளு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு, "சார், பிளஸ் டூவுல என்னைய வேணும்னே பெயில் ஆக்கிட்டாங்க சார், மனுப் போடலாமா?"ன்னேன்.

"ரிசல்ட்டு வந்த தேதி?"

"ஆச்சு சார், ஏழு வருசம்."

மனுசனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "கெடு போச்சே அப்பு"ன்னாரு. அன்னைக்கிப் பூரா எனக்காகத் துக்கம் காத்தாரு. நான் மூணு பாடத்துல பரீச்சையே எழுதப் போகலங்குறத எப்புடிச் சொல்றது?

அந்த நேரத்துலதான் தெரசா அக்கா வந்துச்சு. புருசன் செத்ததுக்குக் கவர்மெண்டு குடுத்த வேலை, பக்கத்து ஆபீசுலயே ஆபீஸ் அசிஸ்டெண்ட். அதே வேலையில இருக்குற மத்த ரெண்டு பேரும் பைல் தூக்குவாங்க, அதிகாரிக்குத் தண்ணி குடுப்பாங்க. புதுசா வந்த அதிகாரி அக்கா எந்தத் தெரு, என்ன ஆளுகன்னு விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டு, மறுநாளே அது தொட்ட தண்ணி வேணாம்னுட்டாரு. நாற்காலியத் தூக்கிக் கக்கூசு ஓரம் போட்டாச்சு. குடிக்கத் தனித் தம்ளரு. இனிமே கக்கூசு கழுவுறது மட்டுந்தான் இதுக்கு வேலைன்னு எழுத்துல ஒரு ஆர்டரு. அந்த ஆர்டரத்தான் ஜெராக்ஸ் எடுக்க வந்துச்சு.

காலண்டரு தேதியப் பாத்தாரு. தாளுல எழுதி நீட்டுனாரு. எம்பத்தஞ்சு.

அக்கா வாங்கிப் பாத்துட்டு, "சாவுக்கு நாள் குறிக்கிற மாதிரி இருக்கு சார்"னுச்சு. மக பத்தாவது படிக்கிறா, அவ பரீச்சை முடியட்டும், இப்ப எதுத்தா வேலைக்கு உல வச்சிருவாங்கன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. அதுக்கப்புறம் தெனம் ஒரு தாளு. எழுவது. அம்பத்திரண்டு. அக்கா வாங்கிப் பைக்குள்ள போட்டுக்கும்.

எனக்கு ஒரு கிறுக்குப் புத்தி. ஒரு நாளு காலையில அவரு வர்றதுக்குள்ள மூணு தாள ஒண்ணாக் கிழிச்சுக் குப்பையில போட்டுட்டு, பதறுவாருன்னு பாத்துக்கிட்டே நின்னேன். வந்தாரு, சுவத்தப் பாத்தாரு. குப்பையக் கிளறி மூணு தாளையும் எடுத்து, சட்டையில தொடச்சு, பசை தடவி ஒண்ணு ஒண்ணா ஒட்டுனாரு. கடை மூடுற நேரத்துலதான் வாயத் தொறந்தாரு.

"ஒரு நாளு அப்பு. எனக்கு ஒரே ஒரு நாளு."

சர்வீசுல இருக்கையில இவருக்கு வர வேண்டிய பிரமோஷன அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டாங்க. நொண்டிக்கு எதுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலன்னாங்களாம். மனு எழுதியிருக்காரு. எழுத்து சரியில்ல, அடித்தல் திருத்தல் இருக்குன்னு எழுதி எழுதிக் கிழிச்சு, தொண்ணூறாவது நாளுதான் முடிச்சிருக்காரு. வாங்கித் தேதி சீலு குத்துற கிளார்க்கே இவருதான். அன்னைக்குன்னு பாத்து ஊருப்பட்ட தபாலு. வரிசையில நிக்கிறவங்களத் தாண்டித் தன்னோடத முன்னாடி வைக்கக் கூடாதுன்னு, எல்லாத்துக்கும் குத்தி முடிச்சு நிமிந்தா அஞ்சே முக்கா தாண்டிருச்சு. அஞ்சே முக்கால் ஆச்சுன்னா சீலுல மறுநாள் தேதிக்குத் திருப்பணும், அது அங்க பழக்கம். திருப்புனாரு. தன் மனுவுல தானே மறுநாள் தேதியக் குத்துனாரு. கெடு தாண்டுனதுன்னு தள்ளுபடி.

நான் எந்திரிச்சே நின்னுட்டேன். "கிறுக்கா சார் நீங்க? சீலு உங்க கையிலதான இருந்துச்சு?"

"சீலு என் கையில இருந்தா நாளு என்னோடதாயிருமா?"

அதுக்கு மேல எனக்குக் கேலி வரல.

தொண்ணூறாவது நாளு வந்துச்சு. அக்கா வரல. பஜாரே கலகலன்னு இருக்கு, இவரு மட்டும் கேட்டப் பாத்தபடியே உக்காந்திருக்காரு. மத்தியானச் சாப்பாட்டத் தொறக்கவே இல்ல. சாயங்காலம் அஞ்சு மணி வாக்குல அக்கா ஓடி வந்துச்சு. அன்னைக்கி மக ஏதோ கையெழுத்து வாங்க ஆபீசுக்கு வந்திருக்கா. கக்கூசு ஓரத்துல அம்மா உக்காந்திருக்குறதையும், பக்கத்துல இருக்குற தம்ளரையும் பாத்திருக்கா. "ஏம்மா, உனக்கு மட்டும் வேற தம்ளரு?"ன்னு கேட்டுட்டா.

"எழுதுங்க சார்"னுச்சு அக்கா.

அந்த நேரம் பாத்துக் கரண்டு போச்சு. டைப் அடிக்க வழியில்ல. காலண்டரு பேனாவ எடுத்தாரு. முத்து முத்தா எழுத ஆரம்பிச்சாரு பாருங்க, எனக்கு உசுரே போச்சு. "சார், இன்னைக்கி ஒரு நாளு மட்டும் கோழி கிண்டுன மாதிரி எழுதுங்க சார், கால்ல விழுகுறேன்." எழுதுனாரு. அடிச்சுத் திருத்தி எழுதுனாரு. அவரு வாழ்க்கையிலயே அப்புடி ஒரு அசிங்கமான எழுத்து அன்னைக்குத்தான்.

மனுவப் பெரிய ஆபீசுல குடுக்கணும், அங்கயும் அஞ்சே முக்காதான் கெடு. நான் ஓட்ட, நடுவுல காலண்டரு, கடைசியில அக்கா. என் வண்டி முக்கிக்கிட்டே போச்சு. உள்ள நொழையும்போது சுவத்துக் கடிகாரத்துல அஞ்சு நாப்பது. தபால் செக்‌ஷன் தம்பி பையத் தோள்ல மாட்டிட்டான்.

"சீலத் திருப்பியாச்சு சார். நாளைக்கி வாங்க."

அக்கா மனுவ அவன் முன்னாடி நீட்டுனபடியே நின்னுச்சு. நான் சண்டைக்கு வாயத் தொறக்குறதுக்குள்ள காலண்டரு கையக் காட்டி நிறுத்துனாரு. குரல் ஒசரவே இல்ல.

"தம்பி, இன்னும் அஞ்சு நிமிசம் இருக்கு. அது உன்னோடதும் இல்ல, என்னோடதும் இல்ல. இந்தப் புள்ளையோடது. திருப்பிக் குத்து."

அவன் கடிகாரத்தப் பாத்தான், இவரு காலப் பாத்தான், பையக் கழட்டி வச்சுட்டுச் சீலப் பின்னாடி திருப்பிக் குத்துனான். அந்தச் சத்தம் கேட்டதும் காலண்டரு படியில போயி உக்காந்துட்டாரு.

இதோட சுபம்னு போட எனக்கும் ஆசதான். விசாரணைன்னு மாசக் கணக்குல இழுத்தாங்க. கடைசியில அக்காவுக்கு மத்தவங்க மாதிரியே வேலை குடுக்கணும்னு ஆர்டரு வந்துச்சு. கூடவே வேடசந்தூருக்கு டிரான்ஸ்பரு, நிர்வாகக் காரணமாம். அந்த அதிகாரி அதே சீட்டுல, அதே பேனுக்கு அடியில இருக்காரு. நான் கெட்ட வார்த்தையில திட்டிக்கிட்டு இருக்கேன், காலண்டரு அக்காவுக்குப் போனப் போடச் சொல்றாரு. "டிரான்ஸ்பர் ஆர்டரு கையில வாங்குன தேதி?" பழிவாங்கி மாத்துனாங்கன்னு இன்னொரு மனுப் போடலாமாம். மறுபடியும் தொண்ணூறு. மறுபடியும் தாளு. இப்ப அதப் போட்டோ எடுத்து வாட்ஸப்புல அனுப்புறது என் வேலை. அக்கா பாக்கும். பதில் போடாது.

ஒரு காலையில ஷட்டரத் தூக்குறேன், பெஞ்சு காலியா கெடக்கு. பத்து மணிக்கு அவரு அண்ணன் மகன் வந்து சொன்னான். தூக்கத்துலயே போயிட்டாராம். சட்டைப் பையில ஒரு தாளு இருந்துச்சுன்னு எங்கிட்டக் குடுத்தான். இன்னைக்கிக் குடுக்கணும்னு ராத்திரியே எழுதி வச்சிருக்காரு, பின்னாடி முத்து முத்தான எழுத்துல தெரசா. கீழ முப்பத்தெட்டு.

அக்காவுக்குப் போனப் போட்டேன். விசயத்தச் சொன்னேன்.

"எந்தத் தேதியில தம்பி, எத்தன மணிக்கு?"

சொன்னேன்.

"அப்ப இன்னும் முப்பத்தெட்டு நாளு இருக்கு. நாளைக்கே வாரேன், எழுதணும்."

அதுக்கப்புறந்தான் ரெண்டு பேரும் அழுதோம்.