முப்படைகளும் யாருக்குக் கீழே?

சேசு மரி சூசை துணை

பீர்க்கன்கரணை,
ஆகஸ்ட் 1994

டில்லியில் பாதுகாப்பு உத்தியோகம் பார்க்கும் எங்கள் மூத்த மாப்பிள்ளை சூசைராஜ் அவர்களுக்கு, மாமனார் சவுரிமுத்து தன் கையால் எழுதும் கடிதம். தன் கையால் என்பதைக் கவனிக்கவும். இதுவரை நான் சொல்லச் சொல்ல உங்கள் மைத்துனி செல்வமேரி எழுதினாள், சொன்னதில் பாதியை விட்டுவிடுவாள். இதில் ஒன்றும் விடப்படாது. அறிவொளி வகுப்பில் சேர்ந்து இந்த வயதில் எழுத்து கற்றுக்கொண்டேன். நான் நிதானமாக எழுதுகிற ஆள், நாளுக்கு அரைப் பக்கம்தான் ஓடும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ழ மட்டும் அழகாக வரும். அது வரும் இடத்தில் நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

நீங்களும் மகள் அருள்மேரியும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறோம். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் முதல் கடிதத்திலேயே பொய் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். செல்வமேரியின் கல்யாணம் நின்றுகொண்டிருக்கிறது. நின்றுவிட்டது என்று எழுதவில்லை, நின்றுகொண்டிருக்கிறது. நிறுத்தியது நகையும் அல்ல, சீரும் அல்ல, உங்கள் மந்திரி ஆபீஸ். மாப்பிள்ளைப் பையன் துரையை உங்களுக்குத் தெரியும், சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் செல்வமேரி வேலை செய்யும் அதே துணிக் கம்பெனியில் பக்கத்துத் தையல் மிஷின். பையனின் அப்பா அசரியா விமானப்படையில் வாரண்ட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், சேலையூரில் சொந்த வீடு. நாம் ஆர்.சி., அவர்கள் சி.எஸ்.ஐ., அதில்தான் தகராறு வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். எங்கள் சாமியாரும் அவர்கள் போதகரும் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு டீ குடித்தார்கள், முடிந்துவிட்டது. பல நூறு வருஷச் சண்டை ஒரு டீயில் தீர்ந்ததைப் பார்த்து, இனி என்ன வந்துவிடப் போகிறது என்று ஏமாந்துவிட்டேன்.

நிச்சயத்தன்று நம் வீட்டில்தான் சாப்பாடு. வகுப்பு நடத்தும் சாவித்ரி டீச்சரும் வந்திருந்தது. பந்தி நடக்கும்போது, தாத்தா ஏதாவது படித்துக் காட்டுங்கள் என்றது. எனக்குக் கேட்க வேண்டுமா? வகுப்பில் கொடுத்த சின்னப் புத்தகத்தை எடுத்து வந்து, சம்பந்திக்கும் மரியாதை, உங்களுக்கும் மரியாதை என்று யோசித்து, நாட்டின் பாதுகாப்பு என்ற பக்கத்தைப் பிரித்தேன். அதில் இப்படி இருந்தது: தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய முப்படைகளும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குகின்றன. நம் தெருவில் எல்லோரும் கீயே என்பார்கள், வாயப்பயம் என்பார்கள். நானும் அறுபது வருஷம் அப்படித்தான் சொன்னேன். சாவித்ரி டீச்சர்தான் நாக்கை மடக்கி ழ சொல்லப் பழக்கியது. அத்தனை பேர் முன்னால் அந்த எழுத்து வந்ததும், விட மனம் வராமல், கீழ்ழ்ழ் என்று வாசலில் நிற்கிறவனுக்கும் கேட்கும்படி சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டியதோடு விட்டிருக்கலாம். எங்கள் மூத்த மாப்பிள்ளை அந்த அமைச்சகத்தில்தான் இருக்கிறார் என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டேன்.

சம்பந்தி பாயசத்தைக் கீழே வைத்தார்.

"அப்போ நான் உங்க மாப்பிள்ளைக்குக் கீழயா சம்பந்தி?" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் புத்தகத்தில் அப்படித்தானே போட்டிருக்கிறது. அச்சில் இருப்பதை இல்லை என்று சொல்ல எனக்கு இன்னும் பழக்கம் வரவில்லை. அவர் எழுந்து கை கழுவினார். "நான் வந்து நின்னா பசங்க விறைச்சுகினு நிப்பானுங்க. ஆபீஸ்ல ஃபைல் பாக்குற ஆளு கல்யாணப் பந்தில எனக்கு முன்னாடி உக்காருவாரா? யாருக்குக் கீழ யாருன்னு முதல்ல முடிவு பண்ணுங்க, அப்பால ஓலை வாசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, போதகரிடமும் போய் நிறுத்தச் சொல்லிவிட்டார். இந்த மாதக் கடைசி ஞாயிறன்று கோவிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசிக்காவிட்டால் அங்கே வாங்கிய தேதி போய்விடும், பிறகு தை மாதம்தான்.

உங்கள் அத்தை பேபி என்னை விட்டு வைக்கவில்லை. "நீ கீயேன்னே சொல்லியிருந்தா அவுரு காதுலயே வுயுந்திருக்காது. உனுக்குப் படிப்பு வந்துச்சு, வூட்டுக்குப் பேஜார் வந்துச்சு" என்கிறாள். சோறு போடும்போதெல்லாம் சொல்கிறாள்.

சரி, நாமே தெரிந்துகொண்டு போய்ச் சொல்வோம் என்று சாவித்ரி டீச்சரைக் கேட்டேன். அது சொன்னதைக் கேட்டு எனக்குத் தலை சுற்றிப் போயிற்று. முப்படைக்கும் பெரிய தளபதி குடியரசுத் தலைவராம். அப்பாடா, ஒரு ஆள் கிடைத்தார் என்று பார்த்தால், அவர் தானாக ஒரு துப்பாக்கியைக்கூட நகர்த்தச் சொல்ல முடியாதாம், மந்திரிசபை சொன்னபடிதானாம். மந்திரிசபையில் பாதுகாப்புக்கு யார் என்று கேட்டால், இப்போது பிரதமரே அதையும் சேர்த்துப் பார்க்கிறார், கூட ஒரு இணை மந்திரி இருக்கிறார் என்றது. மந்திரிக்கு அடுத்து யார் என்றேன், செயலாளர் என்றது. எனக்கு மனசே விட்டுப்போயிற்று. நம் பங்கில் திருவிழாக் கமிட்டிச் செயலாளர் என்றால், மைக் செட்டுக்காரனைத் தேடிக்கொண்டு பெருங்களத்தூருக்கு ஓடுகிற ஆள். டில்லிச் செயலாளர் அப்படி இல்லையாம், பரீட்சை எழுதி வந்து படிப்படியாக ஏறிய பெரிய அதிகாரி, மந்திரிகள் மாறினாலும் காகிதம் அவர் வழியாகத்தான் போகுமாம். ஆயுதம் செய்யும் ஃபாக்டரிகளுக்குத் தனியாக ஒரு செயலாளர், ஆராய்ச்சிக்கு ஒரு செயலாளர், செலவு என்றால் தலையாட்டவோ ஆட்டாமலிருக்கவோ ஒரு நிதி ஆலோசகர். தளபதிகள் மூவரும் சமம், ஒருவருக்கு ஒருவர் உத்தரவு போட முடியாது. மூவரும் கூடிப் பேசும் கமிட்டிக்கு அவர்களில் மூத்தவர் தலைவர். இவ்வளவையும் கேட்டுவிட்டு, கடைசியாக, தளபதி செயலாளருக்கு மேலா கீழா, அதை மட்டும் சொல்லம்மா என்றேன். டீச்சர் சிரித்துவிட்டது. "அதை டில்லியிலயே இன்னும் பேசிட்டுத்தான் இருக்காங்க தாத்தா" என்றது. டில்லியிலேயே தீராததை சேலையூரில் நான் எப்படித் தீர்ப்பது, மாப்பிள்ளை?

ஜலால் பாயை உங்களுக்கு நினைவிருக்கும், பெருங்களத்தூரில் ஓட்டல் வைத்திருக்கிறார், கல்யாண பிரியாணி அவரிடம்தான் சொல்லியிருக்கிறோம். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்றார், சொன்னேன். அவர் கல்லாவைத் தட்டிக்கொண்டே, "ரொம்ப ஈசி நைனா. இங்க பரோட்டா மாஸ்டர், பிரியாணி மாஸ்டர், டீ மாஸ்டர் மூணு பேரு கீறாங்க. ஒருத்தன் சொல்றத ஒருத்தன் கேக்க மாட்டான். சாமான் வாங்கணும்னா கல்லாவுல கீற நம்ப மச்சானைக் கேக்கணும். மச்சான் என்னைக் கேக்கணும். ஆனா நான் போயி கல்லுல கை வெச்சா மாஸ்டர் கரண்டியால அடிப்பான். இதுல யாரு மேல, யாரு கீய?" என்றார். எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. விளங்கியதும் பஸ் ஏறி சேலையூர் போனேன். பெரிய தப்பு.

சம்பந்தி வாசலில் தென்னை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அது கார் நிகோபார் தீவில் வேலை பார்த்தபோது கன்றாகக் கொண்டுவந்த மரம், பிள்ளையைவிட அதன்மேல் பாசம். இப்போது அதன் ஓலையெல்லாம் கத்தரியால் விசிறி வெட்டியது போல நறுக்கு நறுக்காக இருந்தது, குருத்தும் வாடிக் கிடந்தது. சமாதானம் பேசப் போன இடத்தில் மரத்தைப் பற்றி எதற்கு என்று நான் வாய் திறக்கவில்லை. பாய் சொன்ன ஓட்டல் கணக்கை அப்படியே சொன்னேன். கவனமாகக் கேட்டார். இடையில் தலைகூட ஆட்டினார். முடித்ததும், "நல்லா கீது. இதுல நான் யாரு?" என்றார். அதற்கு நான் தயாராகப் போகவில்லை. தரைப்படை பரோட்டா, கடற்படை பிரியாணி என்று வைத்தால் விமானப்படைக்கு மிச்சம் டீதான். அதோடு டீயைத்தானே ஆகாயத்தில் தூக்கி ஊற்றுகிறார்கள், பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று நினைத்து, டீ மாஸ்டர் என்று சொல்லிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அவர் வீட்டம்மா எனக்கு டீ கொண்டுவந்தது. சம்பந்தி அதைத் தன் கையில் வாங்கி, எனக்குத் தராமல், தென்னை மரத்தடியில் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இனி நான் எந்த முகத்தோடு போவது? செல்வமேரி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள், பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. "நீங்க ரெண்டு பேரும் யாருக்கு மேல யாருன்னு பேசிக்கினே இருங்கப்பா. நாங்க ரெண்டு பேரும் தையல் மிஷின்ல சமமாத்தான் உக்காந்துகினு கீறோம். தை மாசம் வரைக்கும் அப்டியே உக்காந்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போய்விட்டாள். போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு போனது எனக்குத் தெரியும்.

ஆகையால் மாப்பிள்ளை, நீங்கள்தான் இதைத் தீர்க்க வேண்டும். இத்தனை நாள் உங்கள் வேலையைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பெண் கேட்டு வந்தபோது தரகர் பாதுகாப்பு என்றார், போதும் என்று இருந்துவிட்டேன். போன வருஷம் ராஜஸ்தான் எல்லைக்கே போய் வந்ததாகச் சொன்னீர்கள், எதற்கு என்று கேட்கவில்லை, அது நாட்டு ரகசியம். இப்போதும் ரகசியம் கேட்கவில்லை. ஆபீஸ் காகிதத்தில் இங்கிலீஷில் இரண்டு வரி எழுதி முத்திரை குத்தி அனுப்புங்கள் போதும். அந்தக் கீழ் என்பது கீழே என்று அர்த்தம் அல்ல, கூட என்றுதான் அர்த்தம் என்று எழுதுங்கள். உங்களுக்கு அதிகாரம் இல்லை என்றால் செயலாளரைக் கேளுங்கள். அவரும் யோசித்தால் மந்திரியைக் கேளுங்கள். மந்திரியும் பிரதமரும் ஒரே ஆள்தானே, இரண்டு வாசல் ஏற வேண்டியதில்லை. அதுவும் முடியாவிட்டால் கல்யாணத்தன்று தயவுசெய்து இரண்டாம் பந்தியில் உட்காருங்கள். பிரியாணி குறையாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அருள்மேரிக்கு எங்கள் ஆசீர். பேரப் பிள்ளைகள் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடவும். மாதா உங்கள் எல்லோரையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

உங்கள் மாமனார்,
சவுரிமுத்து
(கையெழுத்து நானே போட்டது)

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடிக்க எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் செல்வமேரி, ஜலால் பாய் ஓட்டலை ஒட்டியுள்ள எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், அக்காவிடம் ஒரு நிமிஷம் பேசிவிட்டு வந்துவிட்டாள். வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "அப்பா, மாமா வேலை செய்யறது பயிர் பாதுகாப்புப்பா. பூச்சி, புழு. ராஜஸ்தானுக்கு வெட்டுக்கிளி பாக்கப் போயிருக்கார்" என்கிறாள். மாப்பிள்ளை, போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீங்கள் என்னிடம் வெட்டுக்கிளி என்று சொன்னது உண்மைதான். நான் அதைப் பகைவர்களுக்கு வைத்த ரகசியப் பெயர் என்று நினைத்து, ஒருவரிடமும் சொல்லாமல் காப்பாற்றி வந்தேன்.

இது துரை வழியாக சேலையூருக்கு எட்டிவிட்டது. மறுநாள் சம்பந்தி பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் ஒரு நீள மட்டையோடு வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று பேபியை முன்னால் நிற்கச் சொன்னேன். அது அவர் தென்னையின் செத்த குருத்து. அதைப் பிள்ளையைப் போல மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "சம்பந்தி, காண்டாமிருக வண்டு. ஒரு வருஷமா என் உசிரை வாங்குது. மந்திரி கிடக்கட்டும், இந்த வண்டு உங்க மாப்பிள்ளைக்குக் கீழ வருதா, அத்த மட்டும் கேட்டு சொல்லுங்க" என்றார். கீழ என்று அவரே சொன்னார், நான் சொல்லவில்லை. பேபி கொடுத்த டீயை முழுதாகக் குடித்தார். வருகிற ஞாயிறு ஓலை வாசிக்க போதகரிடம் சொல்லியாகிவிட்டது. முதல் பந்தியில் உங்கள் பக்கத்து இலை அவருக்கு வேண்டுமாம், சாப்பிட்டுக்கொண்டே கேட்க நிறைய இருக்கிறதாம்.

ஆகவே வண்டுக்கு மருந்து என்ன, குருத்தில் எப்படி வைப்பது என்று உடனே எழுதவும். மேலே எழுதியதைக் கிழித்துவிடு என்கிறாள் செல்வமேரி. எனக்கு மனம் வரவில்லை, அதில் அத்தனை ழ இருக்கிறது. நீங்கள் மேலே உள்ளதை விட்டுவிடுங்கள், கீழே உள்ளதை மட்டும் படியுங்கள். கீழே இருப்பதுதான் முக்கியம் என்று சம்பந்தியும் ஒத்துக்கொண்டுவிட்டார்.