மார்க் இல்லாத பரீட்சை

ட்ரிங் ட்ரிங் என்று இருட்டுக்குள் எங்கோ அடித்தது. லிஃப்டுக்குக் கீழே பள்ளத்தில் குனிந்திருந்த மெக்கானிக், டார்ச்சைத் தட்டிவிட்டு, கிரீஸ் கையால் பைகளைத் துழாவிப் போனை எடுப்பதற்குள் அது ஒருமுறை ஓய்ந்து மறுபடி அடித்தது. மகளின் டீச்சர்.

"சார், பல நாட்டுப் பிள்ளைங்க எழுதுற பரீட்சை ஒண்ணு வருது. குலுக்கல்ல உங்க பொண்ணு பேர் விழுந்திருக்கு. அதுக்குன்னு படிக்க வேண்டாம். மார்க்கும் கிடையாது. பெத்தவங்களுக்குச் சொல்லணுமில்லையா, அதான்."

"ரொம்ப நல்லது டீச்சர்."

எது நல்லது என்று டீச்சருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மச்சான் வருவதாக இருந்தது. மனைவியின் அண்ணன். வந்தால் இரண்டு வாரம். வந்ததும் சாய்வு நாற்காலியில் விழுவார். ஊருக்குப் போகத்தான் எழுந்திருப்பார். ஊரையெல்லாம் மேலே ஏற்றி இறக்கும் மெக்கானிக், தனக்கென்று சாய்வது அந்த ஒரு நாற்காலியில்தான். மச்சானோ அதில் கிடந்தபடி, எதிரே ஸ்டூலில் குந்தியிருக்கும் இவருக்கு, வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று மூன்று மாடிக்குக் கேட்கும்படி விளக்குவார்.

மெக்கானிக் முகத்தைக் கனமாக வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"உலகப் பரீட்சையாம். நம்ம பொண்ணைப் பொறுக்கி எடுத்திருக்காங்க. ரெண்டு வாரம் ராப்பகலாப் படிக்கணும்."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்படியாங்க?"

"வீட்ல ஊசி விழுந்தாக் கேக்கணும். உங்கண்ணன் குரலுக்கு..."

"அண்ணனை அப்புறமா வரச் சொல்லிடறேன்."

பொத்தானை அமுக்காமலே லிஃப்ட் நகர்ந்தால் மெக்கானிக் பயப்பட வேண்டும். இவர் சந்தோஷப்பட்டார்.

"ஆனா சத்தம்னா எல்லாச் சத்தமும்தானே?" என்றாள் அவள்.

அன்றே டி.வி. ரிமோட் பீரோவுக்குள் போனது. மறுநாள், "நான் அவ பக்கத்துல இருக்கணும். பாத்திரத்தை நீங்க தேய்ச்சிடுங்க. உருட்டாம" என்றாள். அதற்கும் மறுநாள் அவருடைய பாய் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் விரிந்தது.

"இது எதுக்கு?"

"உங்க குறட்டை உங்களுக்கு எப்படிங்க கேக்கும்?"

சாய்வு நாற்காலியில் மகள் சாய்ந்திருந்தாள். கையில் கதைப்புத்தகம், வாயில் சிரிப்பு.

"இதுவா பாடம்?"

"படிச்சுப் புரிஞ்சுக்கறதுதானே அந்தப் பரீட்சையே" என்றாள் மனைவி.

இவளுக்கு எப்படித் தெரியும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கை நிறைய சோப்பு நுரை, கேட்கத் தோன்றவில்லை. வாயைத் திறந்து மறுக்கலாமென்றாலோ, உண்மையையும் சேர்த்துக் கக்க வேண்டும். தேய்த்தார். கரண்டியைக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் படுக்க வைத்தார்.

பரீட்சை முடிந்து மகள் வந்து நாற்காலியில் சாய்ந்தாள்.

"நல்லா இருந்துதுப்பா. மார்க்கே கிடையாதாம்."

"என்னது? மார்க் கிடையாதா?" என்று நெஞ்சில் கை வைத்தார் மெக்கானிக்.

"நடிச்சது போதுங்க" என்றாள் மனைவி. "அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் தனித்தனியா சொல்றது அந்த ஸ்கூல் வழக்கம். டீச்சர் எனக்குத்தான் முதல்ல போன் பண்ணாங்க."

"தெரிஞ்சேவா என்னைச் செருப்புக்குப் பக்கத்துல படுக்க வச்சே?"

"எத்தனை நாளைக்குத் தாங்கறீங்கன்னு பார்த்தேன்."

"போகட்டும். உங்கண்ணன் வரலையில்ல, அது போதும்."

"அண்ணனா? லீவு கிடைக்கல, இப்ப வர முடியாதுன்னு டீச்சர் போன் பண்ண அன்னிக்குக் காலையிலயே சொல்லிட்டாரே. நீங்க சும்மா இருந்திருந்தாலே வந்திருக்க மாட்டாரு."

மெக்கானிக் செருப்பு அலமாரிப் பக்கம் போய்ப் பாயைச் சுருட்டக் குனிந்தார். அதற்குள் கீழ்மாடியிலிருந்தே ஒரு குரல் ஏறி வந்தது.

"மாப்பிள்ளே, லீவு கிடைச்சிடுச்சு."

மகள், "வாங்க மாமா" என்று நாற்காலியை விட்டு எழுந்தாள். மச்சான் அதில் விழுந்தார். "பொண்ணு உலகப் பரீட்சையே எழுதிட்டா. நீங்க எப்ப முன்னேறப் போறீங்க, மாப்பிள்ளே?"

மெக்கானிக் ஸ்டூலைப் பார்த்தார். பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார்.

"இனிமே உருட்டியே தேய்க்கலாங்க" என்றாள் மனைவி.

அவர் முதல் தட்டை எடுத்தார்.