மலையைப் பிரித்த மனுஷன்

மனைவியை அந்த மலையைத் தைத்து முடிக்கவே விடக்கூடாது என்று வரைபடக்காரர் சபதம் எடுத்தார்.

இத்தனைக்கும் நில அளவை அலுவலகத்தில் முப்பது வருஷமாக மலைகளை வரைந்து தள்ளுகிறவர். காகிதத்தில் எந்தச் சிகரமும் அவருக்குத் தூசு. நேரில் என்றால், ஸ்டூலில் ஏறினாலே கால் தந்தியடிக்கும். இது மனைவிக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

அவர் கொண்டுவந்த பழைய வரைபடத்தைப் பார்த்துத்தான் அவள் துணியில் மலை தைக்க ஆரம்பித்தாள். ஆள் அதிகம் போகாத ஒரு மலைத்தொடர். பழுப்புத் துணியில் மேடுபள்ளம், நீல நூலில் ஆறு, சிவப்பு நூலில் வளைந்து வளைந்து ஏறும் பஸ் பாதை. சாப்பாட்டு மேசையை மலை பிடித்துக்கொண்டதால் இருவரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

முடித்ததும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நீ முடி, அடுத்த வாரமே கிளம்பலாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். எப்படியும் பத்து வருஷம் இழுக்கும் என்ற தைரியம்தான். ஆறே மாதத்தில் முக்கால் மலை எழுந்து நின்றது.

மாலையில் அவள் நடக்கப்போகும் அரை மணி நேரத்தில், சின்னக் கத்தரியோடு உட்கார்ந்து தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். துணியில் ஒரு கீறல் விழாது. பிரித்த நூலைக்கூடப் பழக்கதோஷத்தில் நேர்த்தியாகச் சுற்றி அவள் டப்பாவிலேயே வைத்துவிடுவார்.

மூன்று வாரம் மேசை மேல் மலை வளரவே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று அவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, உள்ளே இருந்து முழு மலையையும் கொண்டுவந்து சுவரில் மாட்டினாள். அவர் கையில் இரண்டு பஸ் டிக்கெட்டைத் திணித்தாள்.

"அப்போ நான் பிரிச்சது?" அவசரத்தில் வாய் உளறிவிட்டது.

"அது நான் முதல்ல தைச்சுக் கெடுத்த துணிங்க. டப்பாவுல நூல்கண்டைப் பாத்த அன்னைக்கே மாத்தி வச்சுட்டேன். அதுல நீல ஆறு மலை மேல ஏறி ஓடுதே, முப்பது வருஷ சர்வீஸ், கண்ணுல படலையா?"

அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. "எனக்கு உயரம்னா ஆகாதும்மா" என்று கடைசியில் உண்மையைக் கக்கினார்.

"தெரியும்" என்று ஒரு துணிப்பையை அவர் மடியில் வைத்தாள். "பக்கத்து வீட்டு அக்கா தப்பாத் தைச்சதெல்லாம் இதுல இருக்கு. பஸ் மலை மேல ஏற எட்டு மணி நேரம். ஜன்னல் பக்கம் திரும்பாம, குனிஞ்சு பிரிச்சுக்கிட்டே வாங்க. இறங்குறதுக்கும் தனியாத் துணி வச்சிருக்கேன்."