அம்மாவிடம் பாதி, அத்தையிடம் மீதி

லேப்டாப் திரையில் ஒரு மலை, ஒரு ஏரி, கீழே ஒரு வாசகம்: 'கவனம் சிதறாதீர்கள். வேலையைப் பாருங்கள்.'

பிரேமுக்கு அந்த வேலையைத்தான் பார்க்க முடியவில்லை. மூன்று மணிக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றின் ஆன்லைன் தேர்வு. தேர்வு நடக்கும் வலைத்தளத்தையும் சேர்த்துப் பூட்டி வைத்திருந்தது, அவனே ஆசையாகப் போட்டுக்கொண்ட மென்பொருள். போனில் எழுதவும் முடியாது. இதையும் கோட்டை விட்டால், இப்போது அவன் மத்தியானம் மட்டும் போய் உட்காரும் அப்பாவின் வில்லியனூர் பைப் கடையில் இனி காலையிலிருந்தே உட்கார்ந்து, "முக்கா இன்ச்சா, ஒரு இன்ச்சா?" என்று ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பூட்டியது படிப்பதற்காக. கிரிக்கெட், ரீல்ஸ், அரட்டை எல்லாம் அவுட். ஆனால் பாஸ்வேர்ட் தனக்கே தெரிந்தால் பத்து நிமிடம்கூடத் தாங்கமாட்டோம் என்பதில் அவனுக்குத் தன்மேல் முழு நம்பிக்கை இருந்தது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு, முதல் பாதியை அம்மா வசந்தாவை அடிக்கச் சொன்னான். மீதிப் பாதிக்கு லேப்டாப்பைப் பக்கத்து வீட்டு அத்தை தெய்வநாயகியிடம் தூக்கிக்கொண்டு போனான்.

போன வருஷம் தங்கை கீர்த்திகாவின் மஞ்சள் நீராட்டு விழா பேனரில் அத்தை வீட்டுக்காரர் உலகநாதன் மாமாவின் படம் ஸ்டாம்ப் சைசில் வந்த நாளிலிருந்து இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் பேச்சு கிடையாது. அம்மாவும் அத்தையும் சேர்ந்தால்தான் திறக்கும் பூட்டு. அவர்கள் ஊரான உறுவையாற்றில் இதைவிடப் பலமான பூட்டு எந்தக் கடையிலும் கிடைக்காது.

பூட்டு பலம்தான். லேப்டாப்தான் கொஞ்ச நாளாகச் சரியில்லை. சாயங்காலம் எடுத்தால் சார்ஜ் இருப்பதில்லை. கீபோர்டு இடுக்கில் முறுக்குத் தூள் வேறு. அதற்காகக் கீர்த்திகாவை இரண்டு முறை திட்டியாகிவிட்டது.

மென்பொருளை அழிக்கப் பார்த்தான். பாஸ்வேர்ட் கேட்டது. குத்துமதிப்பாக எதையோ அடித்தான். ஏமாற்றப் பார்த்த குற்றத்துக்காக அது ஈமெயிலையும் சேர்த்துப் பூட்டியது.

சமையலறைக்கு ஓடினான்.

"அம்மா, உன் பாதியச் சொல்லு."

"நான் கெஞ்சினாலும் குடுக்காதன்னு யார்றா சொன்னது?"

"நான்தான்."

"எங்க, கெஞ்சு பாக்கலாம்."

கெஞ்சினான்.

"பாத்தியா, குடுக்கல!"

"பரீட்சைம்மா! வெளையாடாத!"

"அப்டின்னா மொதல்ல அவ சொல்லட்டும். நான் எறங்கிப் போனேன்னு உங்கப்பா காதுல வுழுந்தா, யாரு பதில் சொல்றது?"

அத்தை வீட்டு வாசலில் உலகநாதன் மாமா பேப்பருக்குப் பின்னால் இருந்தார். அத்தை அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை உயர்த்தினாள்.

"பேனர்ல பெருசா நிக்கிறவங்க மொதல்ல சொல்லட்டும்!"

"அப்டிப் போடு," என்றது பேப்பர்.

"அம்மா சொல்லிட்டாங்க அத்தை," என்று புளுகினான் பிரேம்.

"வசந்தா சொல்லிட்டாளாமே!" என்று அத்தை மதிலைப் பார்த்துக் கத்தினாள்.

"எவன் சொன்னது?" என்றது மதில்.

இப்போது இரண்டு வீட்டிலும் அவன் பொய்யன். மணி இரண்டரை தாண்டிவிட்டது. நேராக மாமாவின் காலடியில் உட்கார்ந்தான்.

"மாமா, வேலை கெடச்சதும் முச்சந்தியில பேனர் வெக்கறேன். உங்க படம் மட்டும்தான்."

பேப்பர் கொஞ்சம் இறங்கியது. "கூலிங் கிளாஸ் போட்ட படம்?"

"அதேதான்."

"உங்கப்பன் படம்?"

"கீழ, மூலையில. ஸ்டாம்ப் சைஸ்."

மாமா பேப்பரை மடித்தார். "இன்னாடி பாத்துகினு நிக்கிற? புள்ள வாழ்க்கைடி. போய் அடிச்சிக் குடு."

பேனர் தகராறுக்குப் பிறகு முதல் முறையாக அத்தை பிரேம் வீட்டு வாசற்படியை மிதித்தாள். விறுவிறுவென்று உள் அறைக்குப் போனாள். போன மழையில் கெட்டதிலிருந்து அடியில் ஒரு தட்டு தட்டினால்தான் வேலை செய்யும் ஃபேன் சுவிட்சை, அடியில் ஒரு தட்டு தட்டிப் போட்டாள்.

பிரேம் கண்ணை மூடிக்கொண்டான். அம்மா அடித்தாள். அத்தை அடித்தாள். கண்ணைத் திறந்தபோது மலையும் ஏரியும் போய்த் தேர்வுப் பக்கம் வந்திருந்தது. தொடங்க இன்னும் சில நிமிடங்கள் இருந்தன.

இரண்டு பெண்களும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். ஒரு மென்பொருள் ஒரு குடும்பத்தையே ஒன்று சேர்த்துவிட்டது என்று பிரேம் பெருமைப்பட்டான். கண்ணீரை அடக்கிக்கொண்டு இருவர் கையையும் பிடித்து அவன் சேர்த்து வைக்கப் போன நேரத்தில், தோட்டத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு பின்வீட்டுச் சின்னபொண்ணு வந்தாள். கையில் ஒரு தட்டு முறுக்கு.

"இன்னாக்கா ரெண்டு பேரும் நின்னுகினு கீறீங்க, இன்னும் லேப்டாப்புல சீரியல் போடலியா? ஐயய்ய... தம்பி இன்னிக்குக் கடைக்குப் போவலியா?"